முன்குரல்

முன்குரல் வாயைத் திறந்தால்தான் அந்த வீட்டில் அழுகை வரும், சிரிப்பு வரும், சாபமும் வரும். வீடு என்றால் ஜனங்கள் குடியிருக்கிற வீடு இல்லை. சீரியல் எடுக்கிற வீடு. கூடத்துச் சோபாவுக்குக் கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் புதுத் துணி. பின்பக்கம் பஞ்சு தள்ளிக்கொண்டு நிற்கும். மாடிப்படி ஒன்று உண்டு, மாடி கிடையாது. ஏறிப் போகிறவன் நாலு படி ஏறிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி டீ குடிக்கப் போவான்.

கேமராவுக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்மேல் அவர் உட்கார்ந்திருப்பார். நடிகர்களுக்கு முன்னால் வசனத்தைச் சொல்லிக் கொடுக்கிறவர் என்பதால் யூனிட் வைத்த பேர்தான் முன்குரல். பக்கத்து அறையில் வசனக்காரர் எழுத எழுத, தாள் சூடு ஆறாமல் இவர் கைக்கு வரும். நடிகர்கள் யாரும் எதையும் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதில்லை. இவர் ஒவ்வொரு துண்டாக உரக்கச் சொல்வார், அவர்கள் பின்னாலேயே சொல்வார்கள். ஏற்ற இறக்கம் எதுவும் இவர் குரலில் இருக்காது. உப்புக் காரம் போடாமல் வேகவைத்துக் கொடுப்பதோடு இவர் வேலை சரி. மீதி அவர்கள் பாடு. அப்புறம் டப்பிங்கில் எல்லாச் சத்தத்தையும் அழித்துவிட்டு வேறு ஆட்கள் வந்து புதிதாகப் பேசுவார்கள். வருஷக்கணக்காக ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு போன கதையில் இவர் குரல் ஒரு சொட்டு கிடையாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. வேலைக்கு வந்தவன் வேலையைப் பார்க்க வேண்டும், முகத்தையும் குரலையும் காட்டிக்கொண்டு திரிந்தால் காரியம் நடக்குமா என்பார்.

அந்தச் சீரியலில் குடும்பத்தையே ஆட்டிவைக்கிற பெரியக்கா வேஷம் கட்டியவள் அவருடைய சொந்தத் தங்கச்சி. மீன் விற்கிறவன்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவான். இவர் மட்டும் பாப்பா என்பார். இவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் அவள் பாதியிலேயே பிடித்துக்கொள்வாள். இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு மூச்சுதான் இடைவெளி. அவளை மாதிரி காதால் பிடிக்கிற ஆள் இந்தத் தொழிலில் இல்லை என்று யூனிட்டே சொல்லும்.

அவ்வளவு நன்றாகப் பிடித்ததற்குக் காரணம் வீட்டுக்குள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு எழுத்து தெரியாது. நடக்கத் தெரிந்ததிலிருந்து நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவள். அண்ணன்காரர் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்தைப் பொறுக்கிக்கொண்டார். அவளுக்கு அதற்கு வேளை வரவில்லை, அப்புறம் அண்ணன் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள். கையெழுத்து மட்டும் கோலம் மாதிரி வரைவாள்.

அவர்கள் தொழிலுக்கு வந்த புதிதில் துணை வேஷக்காரி ஒருத்தி தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்று இயக்குநர் தாளைப் பிடுங்கி அவள் முகத்தில் வீசினார். கைநாட்டையெல்லாம் யாருய்யா கூட்டிட்டு வந்தது என்று கேட்டார். லைட் தூக்குகிறவன்கூடச் சிரித்தான். அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. பெரியக்கா அன்று சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அண்ணன்காரர் செட்டுச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. யாராவது அவளிடம் தாளை நீட்டினால் "கண்ணாடி அண்ணன்கிட்ட இருக்கு" என்பாள். இவர் கண்ணாடியோடு வந்து நிற்பார். அவள் அதை மாட்டுவதற்குள் இவர் வாசித்துச் சொல்லிவிடுவார். ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் ஒரு மத்தியானம் நின்றது. சேனலிலிருந்து ஆள் வந்து, கதையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். விளம்பரம் கொடுக்கிறவர்கள் போய்விட்டார்களாம். ஜனங்கள் எல்லாரும் வெளிநாட்டுக் கம்பெனிப் படத்தைப் போனில் பார்க்கிறார்களாம். வசனக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரிந்த குடும்பம் சேர வேண்டும், ஒரு கல்யாணம் நடக்க வேண்டும், தொலைந்துபோன ஆள் ஒருவன் வேறு திரும்பி வர வேண்டும். தயாரிப்பு மேனேஜர் அவர் தோளில் தட்டினார்.

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. எல்லாரையும் ஒரே வேன்ல ஏத்தி மலையிலேர்ந்து உருட்டி விட்டுடுங்க."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த வாரமே அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆள் தேடி வந்தார்கள். முன்குரலுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. இத்தனை பேர் வயிற்றில் மண்ணைப் போட்டுவிட்டு இவ்வளவு மரியாதையாகச் சிரிக்கிறவனை எப்படி நம்புவது? ஆனால் அவர்களோடு வந்திருந்த இயக்குநர்ப் பெண், தலைமுடியை ஒட்ட வெட்டிய சின்னப் பெண், பெரியக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தாய் வேஷம். பெரிய வேஷம். நேரடிச் சத்தம், டப்பிங் இல்லை. அவள் என்ன குரலில் பேசுகிறாளோ அதே குரல்தான் போகும்.

கட்டாகத் தாள் கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே வெளிர் சாம்பல் நிறத்தில் அவள் பேர் அடித்திருந்தது. வெளியே போனால் யார் கைத் தாள் என்று தெரிந்துவிடும். உங்கள் கண்ணைத் தவிர இன்னொரு கண் படக்கூடாது, பட்டால் வேஷம் போய்விடும் என்று கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான். படப்பிடிப்புக்கு முன்னால் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முழுக்க வாசிக்க வேண்டும் என்றும் சொன்னான்.

*

வீட்டில் அண்ணி, முன்குரலின் மனைவி, தையல் மிஷினில் பள்ளிக்கூட உடுப்புக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து எந்தத் தேசத்துக் கதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். முன்குரல் தாள்கட்டைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டார். செத்த எலியைப் பார்ப்பது போல மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடு பாப்பா," என்றார்.

"நல்லாத்தானே இருக்கு உடம்பு?"

"மேசையச் சுத்தி உக்காந்து வாசிக்கணுமாம். வாசிக்க."

"நீ சொல்றது காதுல விழுது அண்ணே. காதுதானே நமக்கு."

அண்ணி மிஷினை நிறுத்தினாள். சீரியல் முடியப்போகிறது, இனி இந்த மனுஷர் குரலுக்குப் பஸ் நிலையத்தில் ஊர் பேர் சொல்லிக் கூவுகிற வேலைதான் கிடைக்கும், வருகிற வாய்ப்பையும் அண்ணனும் தங்கச்சியுமாகச் சேர்ந்து உதைத்துத் தள்ளுங்கள் என்றாள். முன்குரல் போனைக் காட்டி, நம் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒருத்தி இருந்தால் சீரியல் எப்படி உருப்படும் என்று கேட்டார்.

"உங்க சீரியல்ல ஒண்ண மூணு தடவ சொல்றீங்க. அவன் வந்துட்டான். யாரு, அவனா வந்துட்டான்? ஆமா, அவனேதான் வந்துட்டான். நான் ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள ஒரு நாள் கதை முடிஞ்சுடுது."

"அது பாக்கறதுக்கு இல்லடி. அடுப்படியில நிக்கறவளுக்குக் கேக்கறதுக்கு. வெங்காயம் வதக்கற சத்தத்துல முதல் தடவ சொன்னது விழாது."

"இப்ப அடுப்படியில நிக்கறவ காதுல மாட்டிக்கிட்டுப் பாக்கறா. எல்லாம் விழுது."

பெரியக்கா இரண்டையும் கேட்காதவள் போலத் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கடையில் ஏதாவது கேட்டால் ஜனங்கள் இவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், வாயைத் திறந்ததும் முகம் மாறிவிடுகிறது. டிவியில் கேட்கிற குரல் இது இல்லையே என்று. இவளுக்குப் பேசுகிற டப்பிங்காரியின் குரல் வெண்கலம். இவள் குரல் கொஞ்சம் உடைந்தது, தேய்ந்தது. ஒரு கடைக்காரி, ஜலதோஷமா என்றுகூடக் கேட்டிருக்கிறாள்.

"ஒரே ஒரு தடவ என் தொண்டையில வர்றது வெளிய போகட்டும் அண்ணே. அப்புறம் வீட்டுல உக்காந்துக்கறேன்."

முன்குரல் தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அண்ணி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள்.

*

அப்படி ஆரம்பித்தது. வெயில் காலம். சாத்திய வீட்டுக்குள் மூன்று பேரும் வெந்தார்கள். வாளி நிறைந்து வழிகிற சத்தத்துக்கு அடியில் அவர் வாசித்தார். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், முட்டை வெந்ததா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் பேச்சு மட்டும் போதாது, முன்னால் பேசுகிறவன் எந்தச் சொல்லில் நிறுத்துகிறான் என்பதும் மனசில் ஏற வேண்டும். அந்தச் சொல் வந்ததும் பக்கம் புரட்ட வேண்டும். ஒரு சொல் தவறினால் புரட்டுவது தவறிவிடும்.

கதையின் நடுவில் ஒரு பெரிய பேச்சு வருகிறது. மகன் வீட்டைவிட்டுப் போகிறான். தாய் வாசலை மறித்து நின்று பேசுகிறாள். ஒரு பக்கம் முழுக்க அவள்தான். முன்குரலுக்கு அந்தப் பக்கத்தில் மட்டும் கம்பெனிமேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பரவாயில்லை, பேசத் தெரிந்தவன் எவனோ எழுதியிருக்கிறான் என்றார்.

"நீ பொறந்தப்ப அழல. நாந்தான் அழுதேன்," என்று அவர் சொல்ல, "நீ பொறந்தப்ப அழல, நாந்தான் அழுதேன்," என்று வெங்காயக் கண்ணோடு அவள் சொன்னாள். "இப்பவும் நாந்தான் அழணுமா?"

அண்ணி மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு, நூல் அறுந்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

எல்லாம் ஏறியது, ஆனால் முதல் சொல் மட்டும் வரவில்லை. அவர் குரல் முன்னால் போகாமல் அவள் வாய் திறக்க மாட்டேன் என்றது. கண் தானாகக் கீழே போகும், பெயின்ட் டின் இருக்கிற இடத்துக்கு. அவர் அடுத்த அறைக்குப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதல் சொல்லை மட்டும் சொன்னார். அப்புறம் அதையும் விட்டு இருமினார். இருமலையும் விட்டுச் சுவரைத் தட்டினார். கடைசியில் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தார். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.  பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தானாகத் தொடங்கினாள்.

வாசிப்பது போலப் பாவனை செய்வதுதான் பெரும்பாடு. வாசிக்கிறவர்கள் கண் ஒரு இடத்தில் நிற்காது, ஓடும். எறும்பு வரிசை போகிறதைப் பார்க்கிற மாதிரி பார் என்றார் அவர். கொஞ்ச நாளில் கண் ஓடப் பழகியது. இன்னொரு காரியம் பழகவில்லை.

"எல்லாம் நீ சொல்ற மாதிரியே வருது அண்ணே. நீ மூச்சு விடற இடத்துல நானும் விடறேன். நான் எப்ப நானா பேசறது?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "முதல்ல மாட்டிக்காம வெளிய வா. அப்புறம் நீயா பேசு, நாயா பேசு," என்று தாளை மூடிவிட்டு வெளியே போனார். அன்று அவள் தனியாகத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

*

கம்பெனிக் கட்டடம் உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. மீன் வைக்கிற பெட்டி மாதிரி என்று நினைத்தார் முன்குரல். வாசிக்கிற அறைக்கு மூன்று பக்கம் கண்ணாடிச் சுவர். நடுவில் நீள மேசை. உள்ளே போகிறவர்கள் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். பெரியக்காவுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். இவருக்கு ஒரு நாற்காலி காட்டினார்கள், வெளியே, காவலாளிக்குப் பக்கத்தில்.

"வரட்டுமா அண்ணே?" என்றாள்.

"முதல் சொல்லு," என்றார் அவர்.  அவள் போனாள். கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது.

உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பையில் உறுத்தியது. மூக்குக்கண்ணாடி. இன்றைக்கு அவள் மாட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பேசி வைத்திருந்தது. பழக்கதோஷத்தில் இவரே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவளும் கேட்கவில்லை. உள்ளே பார்த்தார். அவள் தாளைப் பிரித்து வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். போகட்டும், கண் நன்றாகத் தெரிகிறவள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

வாசிப்பு தொடங்கியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. ஆனால் அவருக்குச் சத்தம் தேவைப்படவில்லை. மகன் வேஷக்காரப் பையன் வாய் நிற்கிறது, அவள் வாய் தொடங்குகிறது. அவள் உதடு எந்தச் சொல்லில் குவியும், எதில் விரியும் என்று அவருக்கு மனப்பாடம். இவர் உதடும் கூடவே அசைந்தது. பக்கம் புரட்டினாள், சரியான சொல்லில். இன்னொரு பக்கம் புரட்டினாள். கண் எறும்பு வரிசையில் போனது.

காவலாளிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தம்மா பெரியக்காதானே, என் வீட்டுக்காரி அவர்களைத் திட்டாத நாள் இல்லை, நேரில் பார்த்தேன் என்றால் நம்பமாட்டாள் என்றான். காலையில் வணக்கம் சொன்னார்களே, குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்றும் கேட்டான்.

"அதுதான் அவ குரல்," என்றார் முன்குரல், உள்ளேயே பார்த்துக்கொண்டு.

"நீங்க என்னங்க முணுமுணுக்கறீங்க? உள்ள பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"வாயப் பாத்தா தெரியாதா?"

காவலாளி ஆச்சரியப்பட்டுத் தானும் கண்ணாடிச் சுவரைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது தாழ்வாரத்தில் ஒரு பெண் வேகமாக வந்தாள். கையில் நீலத் தாள்கள். பக்கத்தில் கடக்கும்போது அச்சடித்த சூடும் மை வாடையும் இவர் மூக்கில் ஏறியது. எந்த வாடையை மறந்தாலும் அந்த வாடை அவருக்கு மறக்காது. ஆயுசு முழுக்க முகர்ந்தது.

"என்ன தாளும்மா அது?"

"மாத்தின பக்கம் சார். நடுவுல அந்த வாசல் சீன்."

அட்டையைக் காட்டினாள், உள்ளே போனாள், டக்கென்று பூட்டியது. முன்குரல் எழுந்துவிட்டார். உள்ளே அந்தப் பெண் ஒவ்வொருத்தர் முன்னாலும் நீலத் தாளை வைத்துக்கொண்டு வந்தாள். பெரியக்கா முன்னாலும் வைத்தாள். பெரியக்கா நிமிர்ந்து ஒரு புன்னகை செய்து, நீலத் தாளை வெள்ளைத் தாளுக்கு மேலே ஒழுங்காக அடுக்கிக்கொண்டாள்.

கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அட்டை இல்லாம திறக்காதுங்க," என்றான் காவலாளி. "என் அட்டைக்கே திறக்காது."

மகன் வேஷக்காரப் பையன் பேசினான். வேறு பேச்சாக இருந்தது, சுருக்கமாக. ஆனால் கடைசிச் சொல் மட்டும் பழைய சொல்தான். 'போறேன்.' அவன் வாய் குவிந்து விரிந்து மூடியதை இவர் பார்த்தார். அவளும் அந்தச் சொல்லைக் கேட்டாள். நீலத் தாளின்மேல் கண்ணை ஓட்டினாள். தொடங்கிவிட்டாள்.

நீ பொறந்தப்ப அழல.

இவர் வாயும் அடங்காமல் கூடவே ஓடியது. நாந்தான் அழுதேன். மேசையைச் சுற்றியிருந்தவர்களில் ஒருத்தர் தலை தாளிலிருந்து எழும்பியது. பிறகு இன்னொருத்தர் தலை. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி தாளைப் பார்த்தார்கள். அவள் ஒரு பக்கப் பேச்சையும் பேசினாள். எங்கேயும் தட்டவில்லை. இவர் மூச்சு விட்ட இடங்களில் இன்று அவள் மூச்சு விடவில்லை என்பதை அந்தப் பதற்றத்திலும் கவனித்தார். முடித்துவிட்டு, பக்கம் புரட்டவும் செய்தாள்.

கம்பெனி ஆள் அவள் பக்கம் குனிந்து நீலத் தாளில் விரலை வைத்து ஏதோ கேட்டான். அவள் விரலைப் பார்த்தாள். விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கண்ணாடிச் சுவர் வழியாக இவரைப் பார்த்தாள். பெயின்ட் டின்னைத் தேடுகிற அதே பார்வை.

இவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தாளில் என்ன இருக்கிறது என்று இவருக்கே தெரியாது. கதவு திறந்திருந்தாலும் வாயில் சொல் இல்லை. இத்தனை காலத்தில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை.

அவள் உதடு அசைந்தது. படித்துவிட்டார். 'கண்ணாடி அண்ணன்கிட்ட இருக்கு.'

இயக்குநர்ப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். கண்ணாடி உங்களிடம் இருக்கிறதாமே, கொடுங்கள் என்று கை நீட்டினாள். முன்குரல் கையில் கொடுக்கவில்லை. நானே கொடுக்கிறேன் அம்மா, அவளுக்கு மாட்டத் தெரியாது என்று ஏதோ உளறிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். நேரே தங்கச்சி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கொடுத்தார். அவள் மாட்டினாள். அதற்குள் அவள் தோளுக்கு மேலாக எட்டி நீலத் தாளைப் பார்த்தார்.

தேடினார். மகன் பேச்சு நாலு வரி. அதற்குக் கீழே தாய் என்று போட்டிருந்தது. அதற்கு எதிரே பேச்சு எதுவும் இல்லை. 'பேசவில்லை. அவனைப் பார்க்கிறாள்' என்று மட்டும் இருந்தது. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அந்த ஒரு பக்கப் பேச்சையும் எடுத்து எறிந்துவிட்டார்கள். வெங்காயம், வாளித் தண்ணீர், புழுக்கம் எல்லாம் அதோடு போய்விட்டது. எத்தனையோ ஆயிரம் தாள் வாசித்திருக்கிறார், சொல்ல ஒன்றுமில்லாத தாளை அவர் வாசித்ததில்லை.

குனிந்து அவள் காதோரம் சொன்னார். "ஒண்ணுமில்ல. பேசாத."

அவள் மேசையைப் பார்த்துக் கணீரென்று சொன்னாள். "ஒண்ணுமில்ல. பேசாத."

 மகன் வேஷக்காரப் பையன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பெரியக்காவுக்கு என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. காது மடல் சிவந்தது.

கம்பெனி ஆள் சிரிக்கவில்லை. இப்போதுதான் அவன் முகம் சிரிப்பில்லாமல் எப்படி இருக்கும் என்று முன்குரல் பார்த்தார்.

"அம்மா, பழைய பக்கத்த வரி விடாம சொன்னீங்க. புதுசுல இருக்கற ஒரு வரிய இவர் சொல்ல வேண்டியிருக்கு. அந்தப் பழையத உங்களுக்கு யார் வாசிச்சுக் காட்டினது?"

 முன்குரல் ஒரு நொடிதான் யோசித்தார். தொழில் தெரிந்த வாய், பொய்யைத் துண்டு போட்டு நீட்டியது. ஏற்ற இறக்கம் இல்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கண்ணாடிக்கு பவர் மாறிப்போச்சு," என்றார். "நேத்துலேர்ந்து சரியா தெரியல."

அவள் அதைப் பிடித்துச் சொல்லவில்லை.

காத்திருந்தார். கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னார். "கண்ணாடிக்கு பவர் மாறிப்போச்சு."

பெரியக்கா நாற்காலியில் அப்படியே திரும்பி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். பேசவில்லை. கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. வாசலைத் தாண்டிப் போகிற ஒருத்தனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கம்பெனி ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இயக்குநர்ப் பெண் அவன் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கண் பெரியக்கா முகத்தைவிட்டு நகரவில்லை.

பிறகு பெரியக்கா கண்ணாடியைக் கழற்றினாள். மேசைப் பக்கம் திரும்பினாள்.

"நான் கைநாட்டுங்க," என்றாள். அவளுடைய சொந்தக் குரல், உடைந்த குரல். "எழுத்து தெரியாது. அண்ணன் சொல்லுவாரு, நான் சொல்லுவேன். இத்தன வருஷமும் அப்படித்தான். நீங்க குடுத்தத வாசிச்சவரு அவருதான். வாசிக்கச் சொன்னது நான்."

யாரும் சிரிக்கவில்லை. முன்குரல் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யார் சிரித்தாலும் கேட்டுவிடுவது என்று. மகன் வேஷக்காரப் பையன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது விதிக்கு மாறானது, மேலே கேட்க வேண்டும் என்றான் கம்பெனி ஆள். போனைக் கையில் எடுத்துவிட்டான்.

"கேளுங்க," என்றாள் இயக்குநர்ப் பெண். "இந்தப் பக்கத்துல இருக்கறத அவங்க செஞ்சு முடிச்சுட்டாங்க. நான் அடுத்த பக்கம் போறேன்." நாற்காலியை இழுத்துப் பெரியக்கா பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா, உங்க பேச்ச நான் சொல்றேன். ஒரு தரம் மொத்தமா கேளுங்க, அப்புறம் உங்களுக்கு வர்ற மாதிரி சொல்லுங்க. என் மாதிரி வேண்டாம்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

முன்குரல் நகரவில்லை. தங்கச்சியைப் பார்த்தார். வேண்டாம், அண்ணன் இருக்கட்டும் என்று சொல்வாள் என்று நினைத்தார். அவள் கண்ணாடியை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"இத வச்சுக்கோ அண்ணே. டீ குடிச்சியா? போய்க் குடி."

அவர் பின்னால் கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. கம்பெனி ஆளும் போனோடு வெளியே வந்து தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். அங்கே தீர்ப்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. முன்குரல் நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றார்.

உள்ளே இயக்குநர்ப் பெண் தாளைப் பார்த்து வாசித்தாள். பெரியக்கா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, மகன் வேஷக்காரப் பையனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். யாருக்கோ காத்திருக்கிற நிறுத்தம் இல்லை, அவளாக நிறுத்தினது. மேலே பேசினாள். அந்தப் பையன் தாளைவிட்டு நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

காவலாளி பக்கத்தில் வந்து நின்றான். "இப்ப என்னங்க சொல்றாங்க பெரியக்கா?"

முன்குரல் அவள் வாயைப் பார்த்தார். உதடு குவிந்தது, விரிந்தது, மூடியது. எல்லாம் தெரிந்த அசைவுதான். இவர் உதடு கூடப் போகப் பார்த்து, வழி தெரியாமல் நின்றது.

"தெரியலப்பா," என்றார்.